ஆலோலம், குளுகோர்

ஜம்பு பழுக்கத் தொடங்கியதை
எனக்கு முன்னால் மைனாக்கள் கண்டுபிடித்தன.
ராத்திரி ஷிஃப்ட் முடித்து
பாயான் லெப்பாஸ் பஸ் என்னை இறக்கிவிடும் ஏழு மணிக்கு
பின்பக்கத்து சிமெண்டில்
பாதி தின்ற சிவப்பு,
மிதித்தால் வழுக்கும் சிவப்பு.

முதலில் காகிதம்.
வேலிக்கு அந்தப் பக்கமிருந்து ஊய் அம்மா
சீனப் பேப்பர் ஒரு கட்டு கொடுத்தார்.
கொத்துக்கு ஒரு கூம்பு, ஒரு ரப்பர் பேண்டு.
எழுபது வரை எண்ணினேன், கழுத்து பிடித்துக்கொண்டது.
மாலை மழையில்
எழுத்தெல்லாம் பழத்தில் ஒட்டியது.
கொண்டைக்குருவி ஒன்று
ஈரத் தலைப்புச் செய்தியைக் கிழித்து
உள்ளே போய்விட்டது.

அப்புறம் டிஸ்க்.
அலமாரியில் தேடியதில் கிடைத்தவை மூன்று.
பட்டர்வொர்த் ஸ்டூடியோக்காரர்
கறுப்பு மார்க்கரில் அழகாக எழுதியிருந்தார்:
ஒன்று, மாப்பிள்ளை அழைப்பு.
இரண்டு, தாலி.
மூன்று, விருந்து.
போட்டுப் பார்க்கும் பெட்டியை
அந்த மனுஷன் எடுத்துப்போய்ப் பதினோரு வருஷம்.
தாலியை மேற்குக் கிளையில் கட்டினேன்,
வெயில் அங்கேதான் அதிகம்.
காற்றடித்தால் சுழன்று
சுவரெல்லாம் வெள்ளிக்காசு இறைத்தது.
ஒரு வாரம் நன்றாகத்தான் மிரண்டன.
பத்தாம் நாள்
விருந்தில் முகம் பார்த்தபடி
ஒரு மைனா இறகு கோதிக்கொண்டிருந்தது.

லோஷினி சிங்கப்பூரிலிருந்து போன் பண்ணினாள்.
"மார்க்கெட்டில் ஏழு வெள்ளிக்கு ஒரு கிலோ கிடைக்கும்மா."
கிடைக்கும்.
அது இல்லை கேள்வி என்றேன்.
பின்னே என்ன என்று அவள் கேட்கவில்லை,
கேட்டிருந்தால் எனக்கும் தெரியாது.

அப்புறம் டின்.
மைலோ டின் பதினாறு,
ஒவ்வொன்றிலும் நாலு நட்டு போட்டு
ஒரே கயிற்றில் கோத்து
நுனியை ஜன்னல் வழியாகக் கட்டில்வரை கொண்டுவந்து
கால் பெருவிரலில் சுற்றிக்கொண்டேன்.
குயில் கூவும்போதெல்லாம் ஓர் இழுப்பு.
பகல் தூக்கம் எனக்கு
காலை ஆட்டிக்கொண்டே தூங்குவது என்றாயிற்று.

வள்ளிக்குப் பரண் இருந்தது, கவண் இருந்தது,
ஆலோலம் என்று கூவ ஒரு குரலும் இருந்தது.
விடிய விடிய முகமூடிக்குள்
சில்லு எண்ணிவிட்டு வருகிறவளுக்குக்
கயிறு போதும்.
அவள் புனத்துக்கு ஒரு கிழவன் வந்தான்.
தேனும் தினைமாவும் தின்று
விக்கலெடுத்துத் தண்ணீர் கேட்டான்.
என் புனத்துக்கு வந்தவர் பெயர் ஃபட்சில்.
சுகாதார இலாகா, நீலச் சட்டை, டார்ச் லைட்.
அவரும் தண்ணீரைத் தேடித்தான் வந்தார்.

டின் டின்னாக வெளிச்சம் அடித்தார்.
ஏழாவதில் நிறுத்தி,
"ஆன்ட்டி, இங்கே பாருங்கள்."
மழைத் தண்ணீரில்
காற்புள்ளி காற்புள்ளியாய் நெளிந்தன.
பறவைக்குக் கட்டிய மணிக்குள்
கொசு குடித்தனம் வந்திருக்கிறது.
ஐந்நூறு வெள்ளிக்கு சம்மன்.
எழுதும்போது அவர் தலைக்கு மேல் டிஸ்க் சுழல
நிமிர்ந்து பார்த்து, எழுத்து புரியாமல்,
"பாட்டா?" என்றார்.
"விருந்து" என்றேன்.
இரண்டு ஜம்பு பறித்துக் கொடுத்தேன்.
லஞ்சம் என்று பயந்தாரோ என்னவோ,
கேட்டுக்கு வெளியே போய்த்தான் கடித்தார்.

அன்றைக்கே டின்களை இறக்கிக் கவிழ்த்தேன்.
ஏணி இருந்ததால்
தாலியையும் இறக்கினேன்.
வெயிலும் மழையும் வெள்ளியை உரித்துவிட்டன,
வெறும் கண்ணாடி.
கண்ணருகே பிடித்தால் மரம் தெரிந்தது,
மரத்துக்குள் யார் யாரோ
சாவகாசமாகச் சாப்பிடுவது தெரிந்தது.
எனக்கும் ஒன்று பறித்துத் தின்றேன்.
சும்மா சொல்லக்கூடாது,
தண்ணீர் மாதிரிதான் இருந்தது.
இதற்கா இத்தனை காவல் என்று
உள்ளே போய்ப் படுத்தேன்.

குயில் கூவியது.
கால் வெடுக்கென்று இழுத்தது,
கயிறில்லாத கால்.